வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்: சுவரா, கால்வாயா, வெட்டிவேரா, வெளியேறுவதா?

நீலகிரியில் வீடு கட்டுவதென்றால் முதல் வேலை மலையை வெட்டுவதுதான். சரிவின் உள்பக்கத்தை வெட்டி, வந்த மண்ணை வெளிப்பக்கம் கொட்டிச் சமன்செய்து, அந்த மேடையில் வீட்டை எழுப்புகிறார்கள். வீட்டின் பின்சுவருக்கும் வெட்டிய மண்முகத்துக்கும் இடையே ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கும் அளவு இடைவெளி இருந்தால் அதிகம். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், வால்பாறை, அந்தப் பக்கம் மூணாறு, கடல் கடந்தால் பதுளை, நுவரெலியா என்று எங்கும் இதே அமைப்புதான். வெயில் காலத்தில் அந்த மண்முகம் கெட்டியாகச் செங்குத்தாக நிற்கும். ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் பெய்த பிறகுதான் வீட்டுக்காரர் இரவில் எழுந்து டார்ச் அடித்துப் பார்க்க ஆரம்பிக்கிறார்.

அடுத்த மழைக்குள் ஏதாவது செய்ய வேண்டும். பணமோ ஒரு வேலைக்குத்தான் இருக்கிறது. மேஸ்திரியைக் கேட்டால் கருங்கல் தடுப்புச் சுவர் என்பார். ஜேசிபி வைத்திருப்பவர் மண்ணை இன்னும் கொஞ்சம் சாய்த்து வெட்டிவிடலாம் என்பார். இணையத்தில் தேடினால் வெட்டிவேர் வருகிறது. பொறியாளர் மண் ஆணி, அதாவது சரிவுக்குள் இரும்புக் கம்பி செலுத்துவது, என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு வருகிறார். இவற்றில் எதற்கு முதல் ரூபாய் போக வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி. என் பதில் முன்பே தெரிந்துவிடட்டும்: முதல் ரூபாய் தண்ணீரைத் திருப்புவதற்கு. சுவர் அதற்குப் பிறகு. சில வீடுகளுக்கு இவை எதுவுமே பதில் அல்ல, அவற்றையும் சொல்கிறேன்.

ஒப்பிட வசதியாக ஓர் இடத்தை மனதில் வைத்துக்கொள்வோம். 4 மீட்டர் உயரம், 10 மீட்டர் நீளம், கிட்டத்தட்ட 70 டிகிரியில் வெட்டிய மண்முகம். அதற்கு மேலே மலை தன் இயல்பான 25 டிகிரியில் ஏறிச் செல்கிறது. மேலே ஒரு தேயிலைத் துண்டும் இன்னொரு வீடும்.

மழை மண்ணை என்ன செய்கிறது

மழையில் மண் கனத்துவிடுவதால் சரிகிறது என்பதே பொதுவான நம்பிக்கை. கனம் கூடுவது உண்மை. ஆனால் கனம் மண்ணைக் கீழே இழுக்கும்போதே அடியில் உள்ள மண்ணோடு அதை அழுத்தியும் பிடிக்கிறது. அதனால் கனம் மட்டும் பெரிய குற்றவாளி அல்ல. வேறு இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, உறிஞ்சு விசை இல்லாமல் போவது. முழுக்க நனையாத மண்ணில் துகள்களுக்கு இடையே தண்ணீர் மெல்லிய படலமாக நின்று அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. கடற்கரையில் குழந்தைகள் ஈர மணலில் கோட்டை கட்டுவது இந்தப் பிடிப்பை நம்பித்தான். அலை வந்து மணல் முழுதும் நனைந்ததும் கோட்டை உட்கார்ந்துவிடும். 70 டிகிரி மண்முகம் ஆண்டுக்கணக்கில் நிற்பதற்குக் களிமண்ணின் ஒட்டும் தன்மையோடு இந்த உறிஞ்சு விசையும் காரணம். வெயில் காலத்தில் நன்றாக நிற்கிறதே என்ற தைரியம் பாதி இந்தக் கடன் வாங்கிய பலத்தின் மேல் நிற்கிறது. தொடர் மழை அந்தக் கடனைத் திருப்பிக் கேட்கும்.

இரண்டாவது, துளைநீர் அழுத்தம். மண்ணின் இடைவெளிகள் முழுதும் நிரம்பிய பிறகு தண்ணீர் துகள்களை விலக்கித் தள்ளத் தொடங்குகிறது. துகளுக்கும் துகளுக்கும் இடையே உராய்வு இருந்தால்தான் சரிவான நிலம் சரியாமல் நிற்கும். அந்த உராய்வுக்குத் தேவையான அழுத்தத்தின் ஒரு பகுதியைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. பொறியாளர் கார்ல் டெர்சாகி 1920களில் வகுத்த இந்தக் கருத்தின் மேல்தான் இன்றைய மண் பொறியியல் முழுவதும் நிற்கிறது. எண்ணில் பார்த்தால் விளைவு துல்லியமாகத் தெரியும். ஒட்டும் தன்மை இல்லாத, 32 டிகிரி உராய்வுக் கோணம் (உலர்ந்து குவித்தால் சரியாமல் நிற்கும் அதிகபட்சச் சாய்வு) கொண்ட மண் 25 டிகிரி சரிவில் உலர்ந்து கிடந்தால், தாங்கும் விசை தள்ளும் விசையைப்போல் சுமார் 1.3 மடங்கு. அதே மண் மேற்பரப்பு வரை நிரம்பி, தண்ணீர் சரிவுக்கு இணையாகக் கசிந்து ஓடினால் அந்த விகிதம் 0.65 அளவுக்கு இறங்குகிறது. ஒன்றுக்குக் கீழே போனால் மண் நிற்காது, சரிந்துவிடும். மண் மாறவில்லை, கோணம் மாறவில்லை. தண்ணீர் மட்டும் வந்திருக்கிறது, பலம் பாதியாகிவிட்டது.

எவ்வளவு மழை ஆபத்து? நெல் கேன் என்ற புவியியலாளர் 1980இல் உலகின் பல பகுதிகளின் மழைச் சரிவுகளைத் தொகுத்து ஒரு கீழ் எல்லைக் கோட்டை வரைந்தார். அவருடைய சூத்திரத்தில் 24 மணி நேரத்தைப் போட்டால் சுமார் 103 மில்லிமீட்டர் வருகிறது. இது ஆழமில்லாத சரிவுகள் தொடங்கக்கூடிய குறைந்த அளவு; இதைத் தாண்டினால் எல்லா மலையும் விழும் என்று பொருளல்ல. எங்கள் மலைகளின் கணக்கு அதைவிட முரட்டுத்தனமானது. 2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பதிவானது. அந்த வாரத்தில் குன்னூர், கோத்தகிரி, உதகை வட்டங்களில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்ட் 8இல் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 911 மில்லிமீட்டர்.

மழையின் மொத்த அளவோடு அது வரும் விதமும் முக்கியம். ஒரு மணி நேரம் கொட்டித் தீர்க்கும் மழை மேல்தோலை உரிக்கும். ஒன்று, இரண்டு மீட்டர் ஆழத்துக்குள் சரிவு முடிந்துவிடும். வாரக்கணக்கில் நிதானமாகப் பெய்யும் மழை ஆழத்துக்கு இறங்கி நிலத்தடி நீரை உயர்த்தும். அப்போது வருவது ஆழச் சரிவு. நீலகிரியில் சார்னோகைட் என்ற கடினப் பாறை மேலிருந்து சிதைந்து பல மீட்டர் ஆழத்துக்கு மண்ணாகியிருக்கிறது. மேலே செம்மண் தண்ணீரை எளிதில் உள்ளே விடும். கீழே களிமண்ணோ பாறையோ அதை மறித்து நிறுத்தும். அந்த இரண்டும் சேரும் இடத்தில் தேங்கும் நீர்தான் வழுக்கு தளத்தை, அதாவது மேல்மண் மொத்தமாக வழுக்கி இறங்கும் பரப்பை, தயார் செய்கிறது. எந்த வகைச் சரிவுக்கு எதிராக நாம் செலவு செய்கிறோம் என்பது தெரியாமல் வேலையைத் தொடங்கினால் பணமும் போகும், மண்ணும் போகும்.

தடுப்புச் சுவர்: எல்லோருக்கும் பிடித்த தேர்வு

சுவரின் மேல் நமக்கு இருக்கும் நம்பிக்கைக்குக் காரணம் எளிது. அது கண்ணுக்குத் தெரிகிறது. செலவு செய்ததற்குச் சாட்சியாக நிற்கிறது. நம் 4 மீட்டர் மண்முகத்துக்கு ஏற்ற கருங்கல் ஈர்ப்புச் சுவர் (தன் கனத்தாலேயே மண்ணைத் தடுப்பது), அடியில் 2 மீட்டர் அகலம், உச்சியில் 60 சென்டிமீட்டர் என்று வைத்து அஸ்திவாரத்தையும் சேர்த்தால், 10 மீட்டர் நீளத்துக்கு 60 முதல் 70 கன மீட்டர் கல் கட்டு வரும். வீட்டுக்குப் பின்னால் 2 மீட்டர் இடம் யாரிடம் இருக்கிறது என்பது தனிக் கேள்வி. இடம் இல்லாததால் அடி அகலத்தை ஒரு மீட்டருக்குக் குறைத்துக் கட்டிய சுவர்களை மலையில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம்.

இப்போது அந்தச் சுவரின் மேல் விழும் தள்ளுவிசையைப் பாருங்கள். பின்னால் உலர்ந்த மண் இருந்தால் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 5 டன். பின்னால் தண்ணீர் உச்சி வரை தேங்கிவிட்டால் அது 10 டன்னைத் தாண்டுகிறது. அதில் தண்ணீரின் பங்கு மட்டும் 8 டன். அதாவது மண்ணைத் தடுக்கக் கட்டிய சுவர், வடிகால் இல்லாவிட்டால், மழையில் அணையாக வேலை செய்கிறது. அணைக்கு வேண்டிய கனம் அதற்கு இல்லை. மழைக் காலத்தில் விழுந்த சுவர்களுக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் இதே கதைதான்: வெட்டியெடுத்த களிமண்ணையே திரும்ப நிரப்பியிருப்பார்கள், ஜல்லி இருக்காது.

சுவரில் துளைக் குழாய் வைத்திருக்கிறோமே என்பார்கள். ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக 75 அல்லது 100 மில்லிமீட்டர் குழாய், வெளிப்பக்கம் சற்றுச் சாய்வாக: அது சரிதான். ஆனால் அந்தக் குழாயின் பின்வாயில் ஓரடி, ஒன்றரை அடி கனத்துக்கு ஜல்லி நிரப்பி, அதற்கும் மண்ணுக்கும் இடையே தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் வடிதுணி விரிக்காவிட்டால் இரண்டே மழைக் காலத்தில் குழாய் மண்ணால் அடைந்துவிடும். கட்டி முடித்த சுவரில் இதைச் சோதிக்க வழி இருக்கிறது. மூன்று நாள் நல்ல மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். குழாயில் தண்ணீர் சொட்டினால் மகிழ்ச்சி. சுவர் முகம் வியர்த்து, கல் இடுக்குகளில் கசிந்து, குழாய் மட்டும் காய்ந்து கிடந்தால் அந்தச் சுவரை நம்ப வேண்டாம்.

சுவரின் இரண்டாவது குறை அது கட்டப்படும் முறையில் இருக்கிறது. அஸ்திவாரத்துக்காகச் சரிவின் அடியை, அதாவது அதைத் தாங்கிக்கொண்டிருக்கும் இடத்தையே, தோண்டுகிறோம். சுவர் எழும்பும்வரை சரிவு முன்னைவிடப் பலவீனம். 2024 பிப்ரவரியில் உதகை அருகே லவ்டேலில் இப்படிக் கட்டுமானத்துக்காக மண் தோண்டியபோது மேலிருந்த பழைய கட்டடம் சரிந்து 6 பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். அது மழைக் காலம்கூட அல்ல. 10 மீட்டரையும் ஒரே நாளில் தோண்டிப் போடும் ஒப்பந்ததாரரை அனுப்பிவிடுங்கள். இரண்டு மூன்று மீட்டர் துண்டாகத் தோண்டி, கட்டி, ஒன்று விட்டு ஒன்று நகர்பவரே வேலை தெரிந்தவர்.

மூன்றாவது, வழுக்கு தளம் அஸ்திவாரத்துக்கும் கீழே ஓடினால் சுவர் சரிவோடு சேர்ந்து பயணம் செய்யும். ஆழச் சரிவுக்குச் சுவர் பதிலே அல்ல.

வடிகால்: கண்ணுக்குத் தெரியாத தேர்வு

அதே இடத்தில் வெட்டுமுகத்தின் உச்சிக்கு இரண்டு மூன்று மீட்டர் மேலே, ஓரடி அகலம் ஓரடி ஆழத்தில் ஒரு கால்வாய், இரு பக்கமும் வளைந்து இறங்கிப் பொது வடிகாலில் சேர்வதுபோல் 20 மீட்டர் நீளத்துக்கு வெட்டி கான்கிரீட் பூசினால், வேண்டிய கான்கிரீட் சுமார் 2 கன மீட்டர். சுவரின் 60, 70 கன மீட்டர் கல்லோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கான்கிரீட் பூசாமல் வெறும் மண் கால்வாயாக விடுவதைவிடக் கால்வாயே இல்லாமல் இருப்பது மேல். மண் கால்வாய் தண்ணீரைச் சேகரித்து, சரிவின் உச்சியிலேயே உள்ளே ஊற்றிவிடும்.

இது மழைநீரின் ஒரு பகுதியை மட்டும்தான் தடுக்கும். மற்ற பகுதி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பல வீடுகளில் பதில் மழையில் இல்லை. 100 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர். மேல் வீட்டுக்காரரின் கூரைக் குழாய் அதை நேராக உங்கள் சரிவின் தலையில் கொட்டுகிறதா என்று பாருங்கள். அடுத்தது செப்டிக் டேங்கும் உறிஞ்சு குழியும். ஒரு குடும்பம் நாளுக்கு 500 லிட்டர் கழிவுநீரை உச்சியில் உள்ள குழியில் விடுகிறது என்று வைப்போம். ஆண்டுக்கு 1,82,500 லிட்டர். அது 100 சதுர மீட்டர் மண்ணில் இறங்கினால் அங்கே ஆண்டுக்கு 1,800 மில்லிமீட்டர் மழை கூடுதலாகப் பெய்ததற்குச் சமம். மாசி, பங்குனியில்கூட அந்த மண் காயாது. ஐப்பசி மழை ஏற்கெனவே நனைந்த மண்ணின் மேல் வந்து விழுகிறது. வானிலை அறிக்கையில் வராத இந்த மழையை நிறுத்த ஒரு குழாயும் மேல் வீட்டுக்காரரோடு ஒரு பேச்சுவார்த்தையும் போதும். பேச்சுவார்த்தை குழாயைவிடக் கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உள்ளே ஏற்கெனவே தேங்கும் நீருக்கு, சரிவுக்குள் சற்று மேல்நோக்கிச் சாய்வாகத் துளையிட்டு ஓட்டைக் குழாய்களைச் செருகும் முறை இருக்கிறது. கிடைவடிகுழாய் என்பார்கள். இலங்கையில் வட்டவளை அருகே கொழும்பு–பதுளை ரயில் பாதையை அலைக்கழித்த ஆழச் சரிவை 1990களில் அடக்கியது இந்த வகை நீண்ட வடிகுழாய்கள்தான். ஹாங்காங்கில் 1972 ஜூன் 18 அன்று போ ஷான் சாலைச் சரிவில் 67 பேர் இறந்தார்கள். அந்த மலையை நிலைப்படுத்தப் பிற்காலத்தில் என்ன செய்தார்கள்? பணத்துக்குப் பஞ்சமில்லாத நகரம், எவ்வளவு பெரிய சுவரையும் எழுப்பியிருக்க முடியும். மலைக்குள் இரண்டு வடிகால் சுரங்கங்களைக் குடைந்தார்கள்.

வடிகாலுக்கும் குறை உண்டு. பராமரிப்பு இல்லாத வடிகால் வெறும் ஏமாற்று. இலைதழையும் பிளாஸ்டிக்கும் அடைத்த கால்வாய் ஒரே இடத்தில் வழிந்து, பரவலாக இறங்க வேண்டிய நீரைக் குவித்துக் கொடுக்கும். புரட்டாசியில் ஒரு முறை, மழை நடுவே இன்னொரு முறை சுத்தம் செய்ய ஆள் இல்லாதவர்கள் இந்தத் தேர்வைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மேலும் ஏற்கெனவே உச்சியில் விரிசல் விட்டுத் தள்ளிக்கொண்டிருக்கும் செங்குத்து முகத்தைக் கால்வாய் மட்டும் காப்பாற்றாது.

கம்பிவலைக் கற்பெட்டி, மண் ஆணி, சாய்த்து வெட்டுதல்

கேபியன் எனப்படும் கம்பிவலைக் கற்பெட்டிகளை நெடுஞ்சாலை ஓரங்களில் பார்த்திருப்பீர்கள். கருங்கல் சுவருக்கும் இதற்கும் நடுவே தேர்வு என்றால், ஊற்று உள்ள இடத்தில் தயங்காமல் இதையே எடுப்பேன். பெட்டி முழுவதும் துளை என்பதால் தண்ணீர் தேங்க வழியில்லை. மண் கொஞ்சம் நகர்ந்தாலும் வளைந்து கொடுக்கும், விரிசல் விட்டு மொத்தமாக விழாது. பின்னால் வடிதுணி மட்டும் கட்டாயம். ஆனால் இதற்கும் உயரத்தில் பாதிக்குக் குறையாத அடி அகலம் வேண்டும். கம்பிக்கு நாகப்பூச்சும் அதன் மேல் பிளாஸ்டிக் உறையும் இல்லாவிட்டால் ஈரத்தில் துரு ஏறும்.

மண் ஆணி இடம் குறைந்த வீடுகளுக்கு உண்மையிலேயே நல்ல தேர்வு. சரிவைத் தோண்டாமல், முகத்தில் துளையிட்டு இரும்புக் கம்பியைச் செலுத்தி, சிமென்ட் பால் அடைத்து, மண்ணையே ஒரு கட்டாக மாற்றும் முறை. நீலகிரி நெடுஞ்சாலைகளில் சமீப ஆண்டுகளில் இதைப் புல் விதைத் தெளிப்போடு சேர்த்துச் செய்திருக்கிறார்கள். நம் முகத்துக்கு ஒன்றரை மீட்டர் இடைவெளியில் 18, 20 ஆணிகள் வரும். ஒவ்வொன்றும் குறைந்தது 4 மீட்டர் நீளம். தடைகள் மூன்று. துளைக் கருவி வீட்டின் பின்பக்கம் வர வேண்டும். மண்ணைச் சோதித்துக் கணக்குப் போடும் பொறியாளர் வேண்டும். கடைசியாக, 4 மீட்டர் ஆணி போய் நிற்பது பெரும்பாலும் அடுத்தவர் நிலத்துக்கு அடியில்; எழுத்தில் சம்மதம் வாங்காமல் தொடங்கினால் சரிவு நின்றுவிடும், வழக்கு நிற்காது.

சாய்த்து வெட்டுவது கேட்பதற்கு எளிது, கணக்குப் போட்டால் வேறு. 25 டிகிரி மலையில் உள்ள 4 மீட்டர் முகத்தை 70 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சாய்க்க, விளிம்பிலிருந்து பின்னோக்கிக் கிட்டத்தட்ட 5 மீட்டர் போக வேண்டும். வெட்டின் உயரமும் 6 மீட்டரைத் தாண்டிவிடும், ஏனென்றால் பின்னால் போகப் போக மலை ஏறிக்கொண்டே இருக்கிறது. மேல் வீட்டின் அஸ்திவாரம் அந்த 5 மீட்டருக்குள் இருந்தால் இந்தத் தேர்வு அங்கேயே முடிந்தது. மேலே வெறும் நிலம், அதுவும் உங்களுடையது என்றால் மட்டும் யோசிக்கலாம். நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரத்துக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். இரவில் வந்து வெட்டித் தருகிறேன் என்பவர் உச்சியில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்றும் பார்க்க மாட்டார்.

வெட்டிவேரும் மரமும்

வெட்டிவேரைப் பற்றி மிகையாகப் பேசுபவர்களும் உண்டு, கேலி செய்பவர்களும் உண்டு. இருவரும் இடத்தைப் பார்ப்பதில்லை. அதன் வேர் நல்ல மண்ணில், நல்ல வெயிலில் 2, 3 மீட்டர் வரை நேராகக் கீழே இறங்கும், பக்கவாட்டில் பரவாது. சரிவின் குறுக்கே ஒரே உயரத்தில், சமமட்டக் கோட்டில், நெருக்கமாக நட்டால் ஓடும் நீரின் வேகத்தை உடைத்து, மண்ணை வேலிபோல் தடுத்துப் படிய வைக்கும். மேல்தோல் சரிவுக்கு இது செலவு குறைந்த நல்ல மருந்து.

ஆனால் 70 டிகிரி முகத்தில் எதையும் ஒழுங்காக நட முடியாது. நிழலில் வெட்டிவேர் தழைக்காது. வீட்டுக்கும் மண்முகத்துக்கும் இடையேயான அந்தச் சந்தில் வெயில் எங்கே? உதகையின் குளிரில் வளர்ச்சி மிகவும் மெதுவாக இருக்கும்; கீழே பர்லியாறு, கல்லாறு பக்கம் வளரும் வேகத்தை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. நட்ட முதல் மழைக்கு அது எதையும் தாங்காது. ஆக, வீட்டின் பின்பக்கத்துக்கு இது முதல் தேர்வு அல்ல. முன்பக்கத்துக்கோ இதுவே முதல் தேர்வாக இருக்கலாம். வெட்டிய மண்ணைக் கொட்டிய அந்த முன்சரிவை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இறுக்கப்படாத கொட்டுமண் நனைந்தால் திடீரென்று குழம்பாகி ஓடும். ஹாங்காங்கின் சாவ் மாவ் பிங்கில் 1972இல் 71 பேரையும், 1976இல் மறுபடி 18 பேரையும் கொன்றவை கொட்டி உருவாக்கிய சரிவுகள்தான். அதன்பின் அங்கே மேல் 3 மீட்டர் மண்ணை எடுத்து, இறுக்கி, வடிகால் வைத்து மறுபடி போட்டார்கள். கொட்டுமண்ணை அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்கி, பிறகு வெட்டிவேர் நடுவது வீட்டளவில் செய்யக்கூடிய வேலை.

மரங்களைப் பொறுத்தவரை, சரிவு முழுவதும் பரவிய சோலையும் புதரும் நன்மை. வெட்டிய விளிம்பில் தனியாக நிற்கும் உயர்ந்த கற்பூர மரமோ (யூகலிப்டஸ்) சில்வர் ஓக்கோ தொல்லை. காற்றில் அது ஆடும்போது விளிம்பு மண் திறந்து, விரிசலில் தண்ணீர் இறங்கும். வெட்டுங்கள், வேரைப் பிடுங்காதீர்கள், உரிய அனுமதியோடு. தேயிலைத் தோட்டம் மேலே இருப்பதால் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: விதையில் வளர்ந்த பழைய செடிக்கு ஆணிவேர் உண்டு, இப்போது பரவலாக நடும், தண்டுத் துண்டிலிருந்து வளர்த்த செடிக்கு இல்லை.

பூச்சும் தார்ப்பாயும்

மண்முகம் முழுவதும் சிமென்ட் பூசி அடைத்துவிட்டால் மழை உள்ளே போகாது என்பது பாதி உண்மை. முகத்தில் விழும் மழை போகாது. மேலே மலையில் இறங்கிய நீர் உள்வழியாக வந்து பூச்சுக்குப் பின்னால் நிற்கும். துளைக் குழாய் இல்லாத பூச்சு வெறும் முகப்பூச்சு. கூடவே, விரிசல், கசிவு, புடைப்பு என்று மண் காட்டும் எச்சரிக்கைகளையும் அது மறைத்துவிடுகிறது. பூசாத மண்முகமாவது எதையும் ஒளிக்காது.

தார்ப்பாயை நான் அதைவிட மதிக்கிறேன். அது தன்னைத் தீர்வு என்று சொல்லிக்கொள்வதில்லை. உச்சியில் விரிசல் தெரிந்த அன்று, களிமண்ணால் அதை அடைத்து, விளிம்புக்கு மேலிருந்து தார்ப்பாயை விரித்து, தண்ணீர் பக்கவாட்டில் ஓடும்படி கல் வைத்தால் அந்த வாரத்தைக் கடக்க உதவும். கூடவே அன்றிரவு வேறு வீட்டில் படுக்க வேண்டும்.

வெளியேறுவது எப்போது

இதுவரை சொன்னவை எல்லாம் சரிவு உங்கள் வீட்டுக்குப் பின்னால் தொடங்கும் என்ற அனுமானத்தில். பல கிலோமீட்டர் மேலே தொடங்கி ஓடை வழியாகச் சேறும் பாறையுமாக வரும் சரிவுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் புஞ்சிரிமட்டத்துக்கு மேலே கிளம்பியது முண்டக்கை, சூரல்மலை வழியாகச் சுமார் 8 கிலோமீட்டர் ஓடியது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பெட்டிமுடியில் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். ஓடை மலையிலிருந்து இறங்கிச் சமதளத்தைத் தொடும் வாயில், ஓடையின் பழைய படுகையில், பெரிய உருண்டைப் பாறைகள் மண்ணோடு கலந்து கிடக்கும் மேட்டில் வீடு இருந்தால் சுவரிலோ வேரிலோ ஒரு ரூபாயும் போடாதீர்கள். அந்தப் பாறைகள் முன்பு எப்போதோ அப்படி வந்தவைதான். அங்கே பணம் வேறு இடம் தேடுவதற்குப் போக வேண்டும்.

சொல்வது எளிது என்பது தெரியும். பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்று லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலுமே எச்சரித்திருந்தார்கள். மாற்று வீடு கிடைக்காத தொழிலாளிக்கு எச்சரிக்கைக் கடிதத்தால் என்ன பயன்? லயத்தில் இருப்பவருக்குத் தேர்வு என்று ஒன்றே இல்லை. அது தோட்ட நிர்வாகமும் அரசும் எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் சொந்த நிலத்தில், சொந்தப் பணத்தில் கட்டுபவர் இன்னும் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறார்.

நிரந்தரமாகப் போக முடியாதவர்களுக்குத் தற்காலிக வெளியேற்றம் ஒரு முழுமையான தேர்வு. கௌரவக் குறைச்சல் அல்ல. இலங்கையின் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலை மாவட்டங்களுக்குப் பயன்படுத்தும் அளவுகள் நினைவில் வைக்க எளிதானவை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் விழிப்பு, 100 என்றால் தயாராக இருத்தல், 150 அல்லது ஒரே மணி நேரத்தில் 75 என்றால் வெளியேறுதல். நீலகிரி மண்ணுக்கு இவை அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தொடக்கப் புள்ளியாக வைக்கலாம், ஏற்கெனவே ஒரு வாரம் பெய்திருந்தால் இன்னும் கீழே இறக்கலாம். திறந்த வெளியில் நேர்ச்சுவர் கொண்ட ஒரு பாத்திரத்தை வைத்து ஸ்கேலால் அளந்தாலே உங்கள் வீட்டு மழை மில்லிமீட்டரில் தெரிந்துவிடும். மலையில் ஒரு திருப்பத்துக்கு அந்தப் பக்கம் மழை வேறு, இந்தப் பக்கம் வேறு. தாலுகா அலுவலக மழைமானி உங்கள் சரிவுக்காகப் பேசாது.

அளவு எதுவாக இருந்தாலும் உடனே கிளம்ப வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. உச்சியில் வளைவான விரிசல். நேற்றுவரை திறந்த கதவு இன்று சட்டத்தில் இறுகிப்போவது. தெளிவாக வந்த ஊற்று கலங்கலாவது. மழை கொட்டும்போதே ஓடையில் நீர் திடீரென்று குறைவது: மேலே எங்கோ மண் அடைத்திருக்கிறது.

பணம் எந்த வரிசையில் போக வேண்டும்

நம் உதாரண வீட்டுக்கு என் வரிசை இது. மேல் வீட்டின் கூரை நீரையும் கழிவுநீரையும் குழாயில் பிடித்துக் கீழே கொண்டுபோவது முதல் மாத வேலை. உச்சிக் கால்வாய் அடுத்தது. இவை முடிந்த பிறகும் முகத்தில் கசிவு இருந்தால் அடியில் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குக் கற்பெட்டி. முழு உயரத்துக்கும் சுவர் எழுப்ப வசதியில்லாதவர்களுக்கு இந்தக் குட்டைப் பெட்டியும் வடிகாலும் சேர்ந்து, வடிகாலற்ற நான்கு மீட்டர் சுவரைவிட நல்ல காவல். முகம் ஏற்கெனவே நகர்ந்திருந்தால் அல்லது மேலே வீடு விளிம்பை ஒட்டியிருந்தால், மேற்கொண்டு யோசிக்காமல் மண் பொறியாளரைக் கூப்பிட்டு மண் ஆணிக்குக் கணக்குப் போடச் சொல்லுங்கள். அதற்கான செலவை மேல் வீடும் பகிர வேண்டும், காப்பாற்றப்படுவது இரண்டு வீடும்தானே.

காலமும் கணக்கில் சேர்த்தி. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஆனி முதல் ஆவணி வரை. மண்ணைத் தோண்டும் எந்த வேலையும் தை பிறந்த பிறகு தொடங்கிச் சித்திரைக் கோடை மழை வலுக்கும் முன் முடிந்துவிட வேண்டும். இதைப் படிக்கும்போது புரட்டாசி ஆகியிருந்தால் இந்த ஆண்டு அஸ்திவாரம் தோண்ட வேண்டாம். கால்வாயைச் சுத்தம் செய்யுங்கள், கூரைக் குழாயைத் திருப்புங்கள், படுக்கையை மண்முகத்தை ஒட்டிய பின் அறையிலிருந்து முன் அறைக்கு மாற்றுங்கள். சுவரைப் பற்றி ஒப்பந்ததாரரிடம் தை மாதம் பேசலாம். அப்போது முதலில் விலையைக் கேட்காமல், சுவருக்குப் பின்னால் எத்தனை யூனிட் ஜல்லி போடுவார் என்று கேளுங்கள்.